மரகதம் அவர்களின் மணல் பை

“போன குண்டு எங்க போச்சோ, அடுத்த குண்டும் அங்கேயே போகணும்னா என்னம்மா செய்யணும்?”

பல ஆண்டுகளுக்கு முன் மரகதம் அவர்களிடம் நான் கேட்ட கேள்வி இது. அப்போது அவர் துப்பாக்கி சுடும் மேசையின் முன் அமர்ந்து, அடுத்த தோட்டாவைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே, “போன குண்டுக்கு என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யணும் சார்” என்றார். பிறகு, “என்ன செஞ்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான். சோதனை செய்யும்போது செய்ததையெல்லாம் குறித்து வைக்க வேண்டும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன் அதே மேசையில் சுட்டபோது என் முழங்கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தருமபுரத்தில் என் வீட்டு வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தின் தலைவர் ராஜமாணிக்கம் அவர்கள் விழிதியூரிலிருந்து பேசினார்.

“சார், சேதி வந்துச்சா? நம்ம உப்பு மரகதம் போயிடுச்சுங்க. ஆஸ்பத்திரியில, விடியக்காலம்.”

பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். மரகதம் அவர்கள் என்னைவிட ஐந்து வயது இளையவர். தலைவரே தொடர்ந்தார்: “சங்கத்து மலர்ல அந்தம்மாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அந்த உப்பு மண்ணு கதைய மறக்காமப் போடுங்க. படிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டே அழுவாங்க.”

அந்தக் கதையை எழுதத்தான் போகிறேன். தலைவர் அறிந்த விதத்தில் அல்ல, நடந்த விதத்தில்.

மரகதம் அவர்கள் கருக்களாச்சேரியில் படகுத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எங்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அந்த நாளில் ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தராசுகள் இருந்தன. மூச்சுக்காற்று பட்டாலே முள் அசையும். ஒரு நாள் ஒரு தராசு முள் எவ்வளவு நேரமானாலும் நிற்கவில்லை. நான் தராசின் திருகுகளையெல்லாம் திருப்பிப் பார்த்துக் களைத்துப் போனேன். அவர் வந்து குனிந்து பார்த்தார்.

“தராசு ஆடல சார். மேசை ஆடுது.”

ஒரு காகிதத்தை நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார். முள் நின்றது. அவரைப் பற்றி இதற்குப் பிறகு நான் சொல்லப் போவதெல்லாம் அந்த மடித்த காகிதத்தின் தொடர்ச்சிதான்.

எங்கள் சங்கத்தை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். சவுக்குத் தோப்புக்கு அப்பால், மண்மேடு ஒன்றைப் பின்னால் வைத்து அமைத்த சிறிய சுடுதளம் அது. காற்றுத் துப்பாக்கிகள் சில உண்டு. உண்மையான தோட்டா போடுகிற ரைபிள் ஒன்றே ஒன்று. ‘பாயிண்ட் டூ டூ’ என்போம். அதில் ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். சுட்டதும் பின்பக்கத்தைத் திறந்து, வெற்றுத் தோட்டா உறையை வெளியே எடுத்து, அடுத்ததைக் கையால் வைக்க வேண்டும். அந்த ரைபிளைச் சோதிப்பதற்கென்று சிமெண்டுக் கால்களின் மேல் ஒரு கனமான மேசை இருந்தது. மேசைமேல் மணல் பையை வைத்து, அதன்மேல் ரைபிளைக் கிடத்தி, ஐம்பது மீட்டர் தொலைவில் இருக்கும் அட்டையை ஐந்து முறை சுட்டுப் பார்ப்போம். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதுதான் கணக்கு. நின்று சுடும்போது ஆளின் திறமை தெரியும். மேசையில் வைத்துச் சுடும்போது ரைபிளின் குணம் தெரியும். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைகளை ஒட்டித் தர மரகதம் அவர்களை நான்தான் சங்கத்துக்கு அழைத்துச் சென்றேன். சில மாதங்கள் அட்டை ஒட்டினார், வேடிக்கை பார்த்தார். அப்போது சுடுதளப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். “எத்தன நாளைக்கும்மா ஓட்டையையே எண்ணிக்கிட்டு இருப்பே? ஒக்காரு” என்று ஒரு நாள் அவரை மேசையில் உட்கார வைத்தார். முதல் ஐந்து துளைகளும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. முதல் நாள் யாருக்கும் அப்படித்தான். சுபேதார் பாராட்டக்கூடச் செய்தார். ஆனால் மரகதம் அவர்கள் அட்டையைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாக்பீஸ் இருக்கா சார்?”

“எதுக்கும்மா?”

“நான் எங்க ஒக்காந்தேன்னு எனக்கே தெரியல.”

வாத்தியார் சட்டைப் பையில் சாக்பீஸ் இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன். மணல் பையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். முழங்கை படுகிற இரண்டு இடத்திலும் வட்டம் போட்டார். இறங்கி, முக்காலியின் மூன்று கால்களைச் சுற்றியும் தரையில் கோடு போட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். “என்னம்மா, பாண்டி ஆடப் போறியா?” என்றார் சுபேதார்.

மறுபடி உட்கார்ந்து ஐந்து முறை சுட்டார். சுபேதார் தொலைநோக்கியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணை எடுக்காததால் நாங்களே ஓடிப்போய் அட்டையைப் பார்த்தோம். நான் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தேன். ஐந்து துளைகளையும் அது மூடிவிட்டது.

அன்றிலிருந்து அவர் சுடுவதைப் பார்ப்பதே எனக்கு ஒரு பாடமாக இருந்தது. ரைபிளின் குழலைத் தாங்கும் மரமான முன்கட்டை பையின்மேல் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கட்டையில் ஒரு நூலைக் கட்டி வைத்திருந்தார். இரும்புக் குழல் மட்டும் எதன்மேலும் படக்கூடாது. குழல் சுடும்போது அதிரும், அதிர்வதற்கு அதை விட்டுவிட வேண்டும் என்பார். தோளில் பதியும் பின்கட்டைக்கு அடியில் எலுமிச்சை அளவில் ஒரு சின்ன மணல் பை. அதை இடக்கையால் இலேசாக அழுத்தினால் குறி ஒரு மயிரிழை ஏறும், விட்டால் இறங்கும். குறி சரியானதும் கண்களை மூடிக்கொள்வார். இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் திறப்பார். குறி நகர்ந்திருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்ய மாட்டார், பையை நகர்த்துவார். சுட்ட பிறகும் ‘ஒன்று’ என்று மனத்துக்குள் சொல்லும் நேரம் அசையாமல் இருப்பார். அதன் பிறகே பின்பக்கத்தைத் திறப்பார்.

“அஞ்சு தோட்டா ஒரே நேரத்துல போடுற துப்பாக்கி குடுத்தா இன்னும் வேகமா சுடுவீங்களே” என்று ஒருமுறை சொன்னேன்.

“வேணாம் சார். உள்ள இன்னொண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சா, இத ஒழுங்காச் சுடத் தோணாது.”

மணல் பைகளும் அவர் பொறுப்பாயின. அவர் வருவதற்கு முன் அந்தப் பைகளில் தலைவர் தம் வயலிலிருந்து கொண்டுவந்த நெல்லைத்தான் நிரப்பியிருந்தோம். எலி ஓட்டை போட்டு, ரைபிள் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். “ஐயா, நாம குறி வைக்கிறதுக்குள்ள எலி குறி வச்சிடுச்சுங்க” என்று தலைவரிடமே சொன்னார். தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மரகதம் அவர்கள் அரசலாற்று மணலைக் கொண்டுவந்து, மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சலித்து நிரப்பினார். “மண்ணுதானே, இதுக்கு இவ்வளவா?” என்று நான் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தாமல், பதிலையும் கவனித்திருக்க வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசியில், தம் மகள் கவிதாவின் பிரசவத்துக்காக மரகதம் அவர்கள் இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து முன்பக்கப் பை கிழிந்தது. அவர் வந்து பார்த்து மகிழட்டும் என்று, அதே பழுப்புத் துணியில் புதுப் பை ஒன்று தைக்கக் கொடுத்து வாங்கினேன். மாலையில் கடற்கரைக்கு நடக்கப் போகிறவன் நான். வெள்ளை வெளேரென்று, உலர்ந்து, கல் ஒன்றும் இல்லாத மணல் அங்கே கொட்டிக் கிடந்தது. ஒரு பையில் அள்ளி வந்து நிரப்பித் தைத்தேன். “புதுப் பை ரொப்பி வச்சிட்டேம்மா” என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். எந்த மண் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது. சங்கத்தில் வேறு யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

கடல் மணலில் உப்பு உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் தெரியும். எட்டாம் வகுப்புப் பாடம் இது. பை காலையில் ஈரத்தில் இளகிக் கிடக்கும், வெயில் ஏறியதும் காய்ந்து கட்டிபட்டுக் கல்லாகிவிடும். ஒரு பந்தைச் சிமெண்டுத் தரையிலும் மணலிலும் போட்டுப் பாருங்கள். ஒரே பந்துதான், துள்ளுவது வேறு. ரைபிளும் அப்படித்தான் ஒவ்வொரு நேரம் ஒவ்வொரு விதமாகத் துள்ளியது. போதாக்குறைக்கு, மரகதம் அவர்கள் இருந்தால் சுட்டு முடித்ததும் ரைபிளைப் பையிலிருந்து எடுத்துவிடுவார். அவர் இல்லாததால் நாங்கள் சாப்பிட்டு வரும்வரை அதை ஈரப் பையின்மேலேயே கிடத்திவிட்டுப் போனோம்.

அவர் திரும்பி வந்தபோது ஐந்து துளைகளையும் மூட ஒரு டீ கிளாஸின் வாய் தேவைப்பட்டது. குழலின் அடியில் துருப் புள்ளிகள். வெளியூரிலிருந்து துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். குழலுக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “பேரல் போயிடுச்சுங்க. ஒப்படைச்சிட வேண்டியதுதான்” என்று சொல்லிப் போய்விட்டார். அரசிடம் ஒப்படைத்தால் இன்னொன்றுக்கு அனுமதி வாங்க எத்தனை ஆண்டு ஆகுமோ! அது இல்லாவிட்டால் சங்கம் பெயருக்குத்தான்.

செயற்குழு கூடியது. “தொடைக்கிறது, எண்ணெ போடுறது எல்லாம் யாரு? மரகதம்தானே. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கவனிச்சிட்டுப் போயிருக்கணுமா இல்லையா?” என்றார் தலைவர். நடவடிக்கைக் குறிப்பேட்டில் ‘பராமரிப்பில் கவனக்குறைவு’ என்று மரகதம் அவர்கள் பெயருக்கு நேரே எழுதப்பட்டது. அவர் வாசலருகே நின்றுகொண்டிருந்தார்.

“ஒரே ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க ஐயா. ஒண்ணொண்ணா மாத்திப் பாக்குறேன். அதுக்கப்பறம் ரைபிளையும் அனுப்பிடுங்க, என்னையும் அனுப்பிடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதலில் குழலைத் துடைத்துவிட்டுச் சுட்டார். சிதறல் குறையவில்லை. வேறு பெட்டித் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். அப்போதும் குறையவில்லை. “இப்ப ஆள மாத்துவோம். ஐயா ஒக்காருங்க” என்று தலைவரையே உட்கார வைத்தார். தலைவருக்கும் அதே கதிதான். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினார், மற்றதெல்லாம் சாக்பீஸ் கோட்டுக்குள் அப்படியே இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிய பாடத்தை ஒருவர் என் கண்முன் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கொட்டகை மூலையில் கிடந்த பழைய கிழிந்த பையை எடுத்து, வலை நூலால் தைத்து, கோட்டுக்குள் வைத்தார். மூன்று துளைகள் நெருங்கி வந்தன, இரண்டு விலகின. அவர் முகம் மாறவில்லை. ரைபிளைத் திருப்பி, முன்கட்டையைப் பிடித்திருக்கும் அடித்திருகைப் பார்த்தார். ஈரப் பையின்மேல் கிடந்து அதன் கழுத்தைத் துரு தின்றிருந்தது. கட்டை பிடிப்பில்லாமல் ஆடியது. அந்தத் திருகை மாற்றி, இறுக்கி, உட்கார்ந்தார். கண்களை மூடினார், திறந்தார், பையை நகர்த்தினார்.

ஐந்து முறை.

யாரும் தொலைநோக்கியிடம் போகவில்லை. எல்லாரும் நடந்தே போனோம். தலைவர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அட்டையில் வைத்தார். துளை ஒன்றும் வெளியே தெரியவில்லை. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை, துரு மேலோடு நின்றிருந்தது. ரைபிள் பிழைத்தது.

மேசைக்குத் திரும்பியதும் மரகதம் அவர்கள் புதுப் பையை விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் உரக்கச் சிரித்தார். “கருக்களாச்சேரிக்காரங்க வேற எந்த மண்ணத் தேடுவாங்க! ஏம்மா மரகதம், கடல அள்ளி ரொப்பிட்டியா?” எப்போதும் பை நிரப்புகிறவர் அவர்தான் என்பதால், ஊருக்குப் போகும் முன் இதையும் அவரே நிரப்பியிருப்பார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ரைபிள் பிழைத்த மகிழ்ச்சியில் எல்லாரும் சிரித்தார்கள். மரகதம் அவர்களும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று வந்ததுதான் ‘உப்பு மரகதம்’ என்ற பெயர்.

இரண்டு வாரம் கழித்து, அவர் கொட்டகையில் ஆற்று மணலைச் சலித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அந்தப் பைய ரொப்புனது நாந்தாம்மா.”

“தெரியும் சார். நீங்கதானே போன்ல சொன்னீங்க.”

“அப்ப ஏம்மா அன்னிக்குச் சொல்லல?”

சல்லடையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கு ரைபிள் இருக்குமா போகுமாங்கறதுதான் சார் கேள்வி. உங்க பேர எடுத்தா எல்லாரும் உங்களப் பாப்பாங்க. பையப் பாக்க மாட்டாங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதானே மாத்தணும்?”

“நான் தலைவர்கிட்ட சொல்லிடுறேன்.”

“சொல்லுங்க சார். உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப சொல்லுங்க.”

பதினோரு ஆண்டுகளாக எனக்கு முடியவில்லை. இயற்பியல் வாத்தியார் உப்பு மண்ணை நிரப்பினார் என்று ஊர் சிரிக்குமே என்று கூசினேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டம் என்று தள்ளிப்போட்டேன். அவர் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. என்னைப் பார்க்கும்போது அவர் கண்ணில் அந்தப் பேச்சின் நிழலைக்கூட நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு அவருக்குக் கை நடுக்கம் வந்தது. தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பிடிப்பார். இனிச் சுடுதளத்துக்கு வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். கோட்டுக்குள் உட்கார்ந்தார். ரைபிளின் எடை முழுவதையும் பைகளிடம் விட்டுவிட்டு, விரல் நுனி மட்டும் விசையில் படும்படி வைத்துக்கொண்டார். நான் கலங்கிப்போய் நிற்பதைப் பார்த்து, “கைதான் சார் ஆடுது. பை ஆடல” என்றார். அன்று சுட்ட ஐந்தும் ஒரே துளை. ஓரங்கள் மட்டும் பூவிதழ்போல் சற்று விரிந்திருந்தன. அந்த அட்டை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இதை எழுதும்போதும் நடுநடுவே எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் நம்ப முடியவில்லை.

மரகதம் அவர்களின் இறுதிச் சடங்கு நடந்த அன்று கருக்களாச்சேரியில் படகுகள் கடலுக்குப் போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்மா சொல்லியிருக்காங்க சார்” என்றார் அவர்.

“என்னம்மா சொன்னாங்க?”

“நான்தான் ஒரு தடவ கோவப்பட்டேன், அந்த சார் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குறாருன்னு. ‘அவரு சொல்லுவாருடி. அவசரப்படுத்துனா குறி தப்பிடும்’னாங்க.” உள்ளே போய் அந்த எலுமிச்சை அளவுப் பையை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன், இதுவரை எழுதியதை விழிதியூருக்குப் போய்த் தலைவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன்.

“பதினோரு வருசமா அந்தம்மாவ நான் அப்படிக் கூப்புட்டிருக்கேனே சார். ஒரு தடவகூட மொகம் கோணலயே.”

“தப்பு என்னுதுங்க.”

“ரெண்டு பேருதும்தான். எழுந்திரிங்க. குறிப்பேட்ட எடுப்போம்.”

‘பராமரிப்பில் கவனக்குறைவு’ என்ற வரியை அடித்தோம். நடந்ததைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். உறுப்பினர்கள் அனைவருக்கும் சொல்லிக்கொள்கிறேன்: அந்தப் பையில் உப்பு மண்ணை நிரப்பியவன் நான். மரகதம் அவர்கள் பெயருக்கு முன்னால் இனி அந்தச் சொல் வர வேண்டாம்.

நேற்று சுடுதளத்துக்குப் போனேன். மேசைமேல் அவர் கடைசியாகப் போட்ட கோடுகள் இன்னும் அழியவில்லை. முழங்கை வட்டங்கள் இரண்டும் என் கைக்குச் சிறியவை. அவற்றின் நடுவே அந்தச் சின்னப் பையை வைத்தேன். போய் வாருங்கள், மரகதம். நான் சொல்லிவிட்டேன்.

படிக்கிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். மேசை முன் உட்கார்ந்து, ஒரு துண்டை மடித்து வைத்து, அதன்மேல் மணிக்கட்டைச் சாய்த்து, கையில் உள்ள பேனாவை எதிர்ச் சுவரில் ஒரு புள்ளிக்கு நேராக நீட்டுங்கள். கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். பேனா புள்ளியை விட்டு விலகியிருந்தால் கையைத் திருப்பாதீர்கள், துண்டை நகர்த்துங்கள்.